கடைமடை வீட்டுக்கும் வை-ஃபை

மழை பெய்தால் திட்டு, வெயில் அடித்தால் திட்டு, அறுவடை நடந்தால் திட்டு. கிராமத்தில் வீட்டுக்கு வீடு இன்டர்நெட் போடும் தொழிலில் திட்டு வாங்காத பருவம் என்று ஒன்று கிடையாது.

பூதலூர் ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில் சின்னதாக ஒரு கடை வைத்து, ஒரு கம்பெனிக்கு ஏஜென்டாக இந்த வேலையைச் செய்துவருகிறேன். பெயர் ஸ்டெல்லா. கூட இருப்பவர் மாரிமுத்து. கேபிள் டிவி காலத்திலிருந்தே கம்பம் ஏறுகிறவர். நான் பேசுவேன், அவர் ஏறுவார். இரண்டில் எது கஷ்டம் என்று எங்களுக்குள் இன்னும் தீர்ப்பாகவில்லை. ரவுட்டரில் சிவப்பு விளக்கு எரியும்போது அதை முறைத்துப் பார்த்தபடி ஏஜென்டின் வம்சத்தையே சபித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். பரவாயில்லை, கோபமில்லை. சபிக்கப்பட்டவள் பக்கத்துக் கதையையும் கொஞ்சம் கேளுங்கள்.

பீரோவுக்குள் பத்திரம்

எங்கள் கடைக்கு நாலு வீடு தள்ளி, தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். இணைப்பு கொடுத்த அன்று எல்லாம் நன்றாக ஓடியது. மறுநாள் காலை கடை திறப்பதற்குள் வாசலில் நிற்கிறார். வீட்டில் ஒன்றுமே வரவில்லையாம், ஏமாற்றிவிட்டோமாம், அடுத்த தெருவில் இன்னொரு கம்பெனி இருக்கிறதாம். ஓட்டமும் நடையுமாகப் போனோம். சுவரில் மாட்டிய ரவுட்டரைக் காணோம். வயரைப் பிடித்துக்கொண்டே போன மாரிமுத்து, படுக்கையறை இரும்பு பீரோவுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டார். வெல்டிங் கடை ஆளைக் கூட்டிவந்து பீரோவின் முதுகில் ஓட்டை போட்டு, வயரை உள்ளே விட்டு, பட்டுப்புடவைகளுக்கும் நிலப் பத்திரங்களுக்கும் நடுவில் ரவுட்டரை உட்காரவைத்துப் பூட்டியிருந்தார் பெரியவர்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். இரும்புக்குள் பூட்டினால் சிக்னல் எப்படி சார் வெளியே வரும் என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"பத்திரமா பாத்துக்குங்கன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க, பூட்டுனா வராதுன்னு சொல்லலையே."

கடைசி ஆளாக முதலில்

ஒருநாள் கௌசல்யா கடைக்கு வந்தாள். மெயின் ரோட்டிலிருந்து வாய்க்கால் பாலம் தாண்டிப் போனால் மருதங்கரை என்று ஒரு ஊர், நீளமாக ஒரே தெரு. அந்தத் தெருவின் கடைசி வீட்டு மருமகள். வெளிநாட்டு ஆஸ்பத்திரி பில்களைக் கம்ப்யூட்டரில் சரிபார்க்கும் வேலை. சென்னைக் கம்பெனி, வீட்டிலிருந்தபடியே வேலை. போன் சிக்னலை நம்பி ஓட்டிக்கொண்டிருந்தாள். அது அடிக்கடி அறுந்துபோக, மாசி பிறப்பதற்குள் ஒழுங்கான லைன் போட்டுக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் சென்னை ஆபீசுக்கே வந்துவிட வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். புருஷனுக்கு இங்கே வயல். இவள் போனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போக வேண்டும். "எங்க மாமனாருக்கு இதெல்லாம் தெரியாதுக்கா, தெரிஞ்சா வேலையவே விட்டுடும்பாரு" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கண் சிரிக்கவில்லை. எனக்கு அப்போதே அந்தப் பெண்ணைப் பிடித்துப்போனது.

எங்கள் கம்பெனி விதி ஒன்று இருக்கிறது. தெருவில் பாதி வீடாவது பெயர் கொடுத்தால்தான் பாலம் தாண்டி மெயின் வயரைக் கொண்டுவருவார்கள். ஒரு வீட்டுக்காக வராது. சரி என்று நானும் மாரிமுத்துவும் மருதங்கரைக்குப் போய் வீடு வீடாக ஏறி இறங்கினோம். உட்காரச் சொன்னார்கள், காபி கொடுத்தார்கள், பேத்தி ஆடிய டான்ஸைப் போனில் காட்டினார்கள். பெயர் மட்டும் கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டில் போட்டு நன்றாக ஓடினால் போடுவார்களாம். பக்கத்து வீட்டில் கேட்டால் அதற்குப் பக்கத்து வீட்டைக் காட்டினார்கள். இப்படியே ஒவ்வொரு வாசலாகத் தள்ளித் தள்ளித் தெருவே முடிந்துவிட்டது. திரும்பி வரும்போது ஒரு அம்மாள் பின்னாலேயே ஓடிவந்து எங்களை நிறுத்தினார். மனம் மாறிவிட்டது போலிருக்கிறது என்று பேனாவை எடுத்தேன்.

"நாங்கதான் கடைசியா போடுவோம், அத மட்டும் முதல்ல எழுதிக்குங்க."

கயிற்றில் ஏறிய போன்

தெருவின் முதல் வீடு, பாலத்தை ஒட்டி, ஹாஜா பாயின் மளிகைக் கடை. மகன் துபாயில் இருக்கிறான். அவன் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்பதற்காக பாய் பார்க்காத வழியில்லை. மொட்டைமாடியில் ஒருவர் சிக்னல் பிடிக்கும் தட்டு ஒன்றை வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த பெருங்காற்றில் தட்டு திரும்பிக்கொண்டது, வைத்தவர் போன் எடுக்கவில்லை. கழற்றி இறக்கிய தட்டில் இப்போது மோர்மிளகாய் காய்கிறது. நன்றாகக் காய்கிறது என்று அவர் வீட்டம்மாவே சொன்னார்.

அதற்கப்புறம் பாய் கண்டுபிடித்ததுதான் இந்த வழி. கடைக்குப் பின்னால் நல்ல உயரமான மூங்கில் நட்டு, உச்சியில் கப்பி மாட்டி, போனை மஞ்சப்பையில் போட்டுக் கயிறு கட்டி மேலே ஏற்றிவிடுவார். உச்சியில் சிக்னல் கிடைக்கும். அந்த போனிலிருந்து கீழே இருக்கும் இன்னொரு போனுக்கு நெட் வரும். மழைக்கு பிளாஸ்டிக் கவர் உண்டு. பார்த்ததும் மாரிமுத்து மரியாதையாகச் செருப்பைக் கழற்றிவிட்டார். அப்புறம் நம்ம வயர் எதுக்கு பாய், இதுவே நல்லாத்தானே இருக்கு என்று வம்புக்குக் கேட்டேன். பாய் மூங்கிலின் உச்சியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"பையன் அந்த மேல இருக்கற நம்பருக்கே போன் போடறான் தங்கச்சி, நான் இறக்கி ஹலோ சொல்றதுக்குள்ள அவன் ஷிஃப்டுக்குப் போயிடறான்."

தலைமடை, கடைமடை

பெயர் கொடுக்கச் சொல்லி ஊரைக் கூட்டினோம். ஹாஜா பாய் கடை வாசலில்தான் கூட்டம். வயரை இப்படிக் கொண்டுவருவோம், நடுவில் ஒரு பெட்டி வைப்போம், அதிலிருந்து வீட்டுக்கு வீடு பிரியும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பிரியும் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் ஊரே நிமிர்ந்து உட்கார்ந்தது. பெட்டி யார் வாசலில்? தலைமடை யாருக்கு, கடைமடை யாருக்கு? தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாய்க்காலின் தலைப்பில் இருக்கும் வயலுக்குத் தண்ணீர் முதலில் பாயும். அவர்கள் குடித்து மிச்சம் வந்தால்தான் கடைசி வயலுக்கு. ஆளாளுக்குத் தன் வாசலில்தான் பெட்டி வைக்க வேண்டும் என்று பிடிவாதம். இல்லாவிட்டால் முன்னால் இருக்கிற வீடுகள் எல்லா நெட்டையும் இறைத்துவிடுமாம்.

எல்லோரையும்விடப் பெரிய குரல் கடைசி வீட்டுக் கோவிந்தராசு ஐயாவுடையது. கௌசல்யாவின் மாமனார் அவர்தான். அந்த ஊரில் தண்ணீர் முறை வைப்பவரும் அவர்தான். தண்ணீர் குறைவான வருஷத்தில் யார் வயலுக்கு எந்த நேரம் பாய்வது என்று அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. அவர் வயலும் கடைமடை, வீடும் கடைமடை. கௌசல்யா தூணுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: ஐயா, இது தண்ணி இல்லை. கண்ணாடி நூலுக்குள்ள வெளிச்சம் போகுது. முதல் வீட்டுக்கும் கடைசி வீட்டுக்கும் ஒரே அளவுதான். பொய்யும் சொல்லக்கூடாது, சாயங்காலம் எல்லாரும் ஒரே நேரத்தில் படம் பார்த்தால் கொஞ்சம் இழுக்கும், ஆனால் எல்லாருக்கும் சமமாக இழுக்கும். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். கூட்டமும் கூடவே எழுந்துவிட்டது.

"மேட்டூர்ல தொறந்து விடறப்பவும் எல்லாருக்கும் சமம்னுதாம்மா சொல்றாங்க."

கூடவே வந்த வயர்

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. டெமோ காட்டுகிறேன் என்று கம்பெனியில் சொல்லிவிட்டு, பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்ட மெயின் வயரிலிருந்து மூங்கிலும் மரமுமாகக் கட்டி, நேராகக் கோவிந்தராசு ஐயா வீட்டுக்கே ஒரு தற்காலிக வயர் இழுத்தோம். கடைமடையில் ஓட்டிக் காட்டினால் ஊர் வாயடைத்துப்போகும் என்று என் கணக்கு. ஓடியது. கௌசல்யா லேப்டாப்பைத் திறந்து ஒரே மூச்சில் வேலை பார்த்தாள். ஐயா வாசலில் உட்கார்ந்து வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதும் திரும்பிக்கொள்வதுமாக இருந்தார்.

பொங்கல் முடிந்து சம்பா அறுவடை உச்சத்தில் இருந்த நேரம் அது. எங்கள் தொழிலுக்கு வயரைக் கடிக்கும் எலியைவிட, மழையைவிடப் பெரிய எதிரி ஒன்று உண்டென்றால் அது வைக்கோல் ஏற்றிய டிராக்டர். வண்டி எவ்வளவு உயரமோ அதைப்போல இரண்டு மடங்கு வைக்கோல் ஏற்றுவார்கள். தெருவைக் குறுக்கே கடந்த எங்கள் வயர் வைக்கோலுக்குள் போய்ப் புதைந்தது. மூங்கில் சாய்ந்தது, கௌசல்யா பார்த்துக்கொண்டிருந்த பில் பாதியில் நின்றது. நான் வண்டியின் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடி, ஊர் எல்லையில் நிறுத்திவிட்டேன். டிரைவர் இறங்கி, மாலை மாதிரி வண்டியைச் சுற்றியிருந்த வயரை நிதானமாகப் பார்த்தார்.

"நான் இழுக்கலீங்க, அதுவாத்தான் கூடவே வந்திருக்கு."

குடிதண்ணியும் பாசனமும்

வயரைச் சுருட்டிக்கொண்டு திரும்பி வந்தால், கௌசல்யா லேப்டாப்பை மூடி மடியில் வைத்துக்கொண்டு அழுகிறாள். பிள்ளை அவள் முதுகில் தொங்கிக்கொண்டு ஏம்மா, ஏம்மா என்கிறது. என்ன ஆச்சு என்று மாமனார் கேட்டார். அதுவரை மறைத்து வைத்திருந்ததை எல்லாம் ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள்: லைன் இல்லையென்றால் சென்னை, பிள்ளையும் கூட வரும். வேலையை விடு என்பார் என்று அவள் பயந்தாள், நானும் பயந்தேன். அவர் வாய்க்கால் பக்கம் எழுந்து போய்விட்டார். மாரிமுத்து என்னிடம், அக்கா, இந்த ஊர் நமக்கு இல்லை என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மறுநாள் நான் கடை திறப்பதற்குள் கோவிந்தராசு ஐயா பூதலூரில் என் கடை வாசலில் நிற்கிறார். பெட்டியை ஹாஜா பாய் வாசலிலேயே வைக்கலாமாம், தனக்குக் கடைசியில் கொடுத்தால் போதுமாம். ஆனால் நெட்டுக்கும் முறை வைக்க வேண்டும், அதைத் தான்தான் வைப்பாராம். முறையெல்லாம் தேவையே இல்லை ஐயா என்று ஆரம்பித்தவள், மாரிமுத்து என் காலை மிதித்ததும் நிறுத்திக்கொண்டேன். சத்தம் போட்டவரே விட்டுக்கொடுத்தபிறகு தெருவில் பேச்சேது? முறையும் இருக்கிறது என்றதும் ஊருக்கே பயம் போய்விட்டது. சொல்லிவைத்தாற்போல எல்லோரும் பெயர் கொடுத்தார்கள். பகல் நேரம் வேலை செய்கிறவர்களுக்கு, விளக்கு வைத்ததும் கடைமடைப் பக்கம், சாப்பாட்டுக்குப் பிறகு பாலத்துப் பக்கம் என்று ஐயா பிரித்தார். இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறது. மாலையில் ஸ்பீடு இழுக்கிறது என்று புகார் வராத ஒரே ஊர் என் எல்லையில் மருதங்கரைதான். ஐயா முறை பிரித்த கூட்டத்தில், அப்ப வாட்ஸ்அப்புக்கும் முறை பார்த்துத்தான் அனுப்பணுமா என்று ஒரு பெண் கேட்டாள். ஐயா யோசிக்கவே இல்லை.

"வாட்ஸ்அப்பு குடிதண்ணி, யாரு எப்ப வேணும்னாலும் எடுத்துக்கலாம், படம்தான் பாசனம்."

விட்டுக்கொடுத்த முறை

வயர் வந்துவிட்டால் போதுமா? மேனேஜர் விடவில்லை. ஒரு முழு வேலைநாள் லைன் அறாமல் ஓடுகிறதா என்று தானே பார்ப்பாராம். அறாமல் ஓடினால் வீட்டிலேயே இருக்கலாம், அறுந்தால் சென்னை. கம்பெனியிலிருந்து எல்லாக் கம்பமும் இன்னும் வந்து சேரவில்லை. கடைசி வீட்டுக்கு வயர் தெருவைக் கடக்கிற இடத்தில் இரண்டு மூங்கில்தான் நின்றன. அந்த நாள் காலையில் மாரிமுத்து மூங்கிலைத் தொட்டுக் கும்பிட்டார். நான் மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டேன். இருவரும் அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

தெருவில் நடந்து வருகிறேன், ஒரு வீட்டிலும் ரவுட்டர் விளக்கு எரியவில்லை. லைன்தான் போய்விட்டதோ என்று பக்கத்திலிருந்த வீட்டுக் கதவைத் தட்டினேன். விசாரித்தால், எல்லோரும் தாங்களாகவே அணைத்து வைத்திருக்கிறார்கள். ஒரு வீட்டு நாற்று காய்கிறது என்றால் மற்றவர்கள் தங்கள் முறைத் தண்ணீரை அந்த வீட்டுக்கு விட்டுக்கொடுப்பது அந்த வாய்க்காலின் வழக்கம். அதையே இதற்கும் செய்துவிட்டார்கள். நெட்டுக்கு அது அவசியமே இல்லை. ஒரு பெண் பில் பார்ப்பதற்காக ஊரே அணைக்க வேண்டியதில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தவள், மூடிக்கொண்டு நடந்தேன். ஹாஜா பாய் கடைக்குள் நின்று துபாய் மகனோடு சாதாரண அழைப்பில் பேசிக்கொண்டிருந்தார். வீடியோவில் வாங்க அத்தா, முகத்தைப் பார்க்கணும் என்று அவன் கேட்டிருப்பான் போல.

"நாளைக்குப் பாத்துக்கலாம்ப்பா, இன்னைக்கு முறை நம்மளுது இல்ல."

வைக்கோல் வண்டி

மதியத்துக்கு மேல் வாய்க்கால் பக்கமிருந்து டிராக்டர் சத்தம் கேட்டது. நான் கௌசல்யா வீட்டு வாசலில் இருந்தேன். உள்ளே அவள் காதில் மாட்டிக்கொண்டு மேனேஜரோடு பேசிக்கொண்டே வேலை பார்க்கிறாள். வண்டியில் வைக்கோல் மலையாக வருகிறது. மாரிமுத்து பாலத்துப் பெட்டிப் பக்கம் போயிருந்தார். ஓடினேன். எனக்கு முன்னால் கோவிந்தராசு ஐயா போய்ச் சேர்ந்திருந்தார். மூங்கிலுக்கு நேரே, தெருவின் நட்ட நடுவில், துண்டை விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். சுற்றுப் பாதையில் போனால் தூரம், டீசல் ஆகும், மேகம் வேறு மூட்டம் போடுகிறது என்றார். ஐயா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார், நகரவில்லை. வண்டி பின்னால் போய் வயல் பாதையில் திரும்பியது. அதற்குப் பின்னால் வந்த வண்டியும் அப்படியே. பொழுது சாய்கிற வரை அவர் அங்கேயே இருந்தார். பேத்தி தண்ணீர் செம்போடு ஓடிவந்து அவர் மடியிலேயே உட்கார்ந்துகொண்டது.

விளக்கு வைக்கிற நேரத்தில் கௌசல்யா வாசலுக்கு வந்தாள். லைன் ஒரு தடவைகூட அறவில்லை, வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார் என்றாள். இந்த முறை கண்ணும் சேர்ந்து சிரித்தது. சட்டென்று தெருவில் ஒவ்வொரு வீடாக ரவுட்டர் விளக்குகள் எரிய ஆரம்பித்தன. நான் ஐயாவைக் கைகொடுத்து எழுப்பிவிட்டு, கடைமடைக்கு நெட் வராதுன்னு சொன்னீங்களே, இப்ப நம்புறீங்களா என்று கேட்டேன். அவர் தூங்கிப்போயிருந்த பேத்தியைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டார்.

"நெட்டு வந்தா என்ன வராட்டி என்னம்மா, இது சென்னைக்குப் போயிட்டா ராத்திரி நான் யாரு கூட உக்காந்து சோறு திங்கறது?"

ஸ்பீடு எவ்வளவு, எந்தக் கம்பெனி நல்லது என்று என்னிடம் கேட்டு இன்டர்நெட் போடுகிறவர்களுக்கெல்லாம் நான் இப்போது ஒரே பதில்தான் சொல்கிறேன்: முதலில் உங்கள் தெருவில் வைக்கோல் வண்டியை மறித்து உட்கார ஆள் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு வாங்க.